பூ வைத்து வந்த மண்

மண் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், உங்களிடம் அரைமணி நேரம் ஏதாவது பேச வேண்டும் என்று கூப்பிட்டீர்கள். மாட்டேன் என்று நான் சொன்னதற்குத் தொண்டை வலி காரணமில்லை. இந்தத் தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது போகவில்லை. எழுதினால் கொஞ்சம் நிதானமாக இருக்கும் என்று நம்பி எழுதித் தருகிறேன்.

கரைசலை எப்படிக் கலப்பது, பொட்டாசை எப்படி அளப்பது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மெஷின்களும் மாறிவிட்டன. மாறாதவர்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் பையோடு நிற்கிறவரும், இந்தப் பக்கம் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறவரும்தான். இந்த இரண்டு பேராலும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

மண் எதில் எல்லாம் வரும் தெரியுமா? ஜவுளிக்கடைப் பையில் வரும், புரோட்டா கட்டிக் கொடுத்த கவரில் வரும். ஒருவர் யூரியாச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார். "சாக்குல ஒட்டியிருக்க உரமும் சேந்துல்ல வரும்" என்றேன். "நல்லதுதானே மேடம், சத்து கூடத்தானே காட்டும்" என்றார். அவருக்கு அது பரீட்சை. தன் மண்ணுக்கு மார்க் வாங்கித் தர வந்திருக்கிறார். நான் சிரித்துவிட்டு, வேறு மண் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன். சிரித்ததோடு நிற்காமல் அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

தண்ணீர் விஷயமும் இதே லட்சணம்தான். போன மாதம் திருநகரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் கணவரிடம் வந்து, "மாடியில ரோஜா, செம்பருத்தி எல்லாம் இலை ஓரம் கருகுது சார், அக்காவை வந்து பாக்கச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். போய்ப் பார்த்தேன். குடிதண்ணீரைச் சுத்தம் செய்யும் மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை, ஒரு குழாய் வைத்து நேராகத் தொட்டிகளுக்கே விட்டிருந்தார். வீணாக்கக் கூடாதாம்.

"உப்பு வேண்டாம்னுதானே இந்த மெஷினை வாங்குனீங்க. அந்த உப்பு எங்க போகுதுன்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

"செடிக்கு எதுக்குக்கா மினரல் வாட்டர்? தண்ணி தண்ணிதானே" என்றார்.

படித்தவர். கணக்கில் ஒரு பைசா விடாதவர். நான் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் நான் பாத்திரங்களை வைத்த சத்தத்திலேயே என் கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் மிஷன் பள்ளியில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவர், சத்தங்களை எடைபோடத் தெரிந்தவர். "அவரைத் திட்டுறது இருக்கட்டும். பாண்டியம்மாளுக்கு நீ சொன்ன யோசனை என்ன?" என்று கேட்டார்.

அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பாண்டியம்மாள் திருமங்கலம் பக்கத்து ஊர்க்காரி. அப்போது முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சொந்த நிலம் என்று ஒன்றை யாரும் கண்டதில்லை. அடுத்தவர் வயலில் களையெடுத்துப் பிழைத்த குடும்பங்கள். இவள் காலத்தில்தான் ஒரு ஏக்கர் வாங்கினார்கள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். ஆகவே நிலம், அதில் போட்ட ஆழ்துளைக் கிணறு, வைத்த மல்லிகைச் செடி எல்லாம் இவள் பொறுப்பு.

ஒரு சித்திரை மாதம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். புத்தம்புது மஞ்சள் பை. உள்ளே சலித்து எடுத்ததுபோல் பொலபொலவென்று கறுப்பு மண். அதன்மேல் ஒரு சரம் மல்லிகைப் பூ. நான் பூவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "மண்ணுக்கே பூ வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே" என்று கிண்டல் செய்தேன். அவளும் வெட்கத்தோடு சிரித்தாள்.

"செடியெல்லாம் மஞ்சளாப் போகுது மேடம். மொட்டு சிறுத்துப் போச்சு. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போனா யாவாரி தனியாத் தள்ளி வைக்கிறாரு."

பரிசோதனை முடிவு வந்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததில்லை. எந்தக் கட்டத்திலும் குறை இல்லை. "மண் மிக நன்று" என்று மண்வள அட்டையில் எழுதினேன். எழுதியதோடு விடவில்லை. "உங்க மண்ணு தங்கம் பாண்டியம்மா. வெயில் இப்பிடி அடிக்குது, தண்ணிதான் பத்தலை. மூணு நாளைக்கு ஒரு தடவை நல்லாக் கட்டுங்க" என்றேன். செடியைப் பார்க்கவில்லை. தண்ணீரைக் கேட்கவில்லை. எங்களுக்கு மண் மாதிரிக்குத்தான் இலக்கு வைத்திருந்தார்கள், தண்ணீருக்கு இல்லை. இலக்கு இல்லாததை யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

வைகாசி முடிகிற நேரத்தில் மறுபடி வந்து நின்றாள். கையில் பை இல்லை, ஒரு கொத்துக் கிளை மட்டும் இருந்தது. இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்தது, மற்றதெல்லாம் வெளிர் மஞ்சள். அன்றைக்கு எனக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. கிளையைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது.

"சொன்ன மாதிரி தண்ணி விட்டீங்களா இல்லையா?"

"நீங்க சொன்ன கணக்குல ஒரு நாள் தவறல மேடம். கரண்டு வர்ற நேரம் பாத்து ஓடுறேன். விட விடத்தான் இன்னும் மஞ்சளாகுது."

"மண்ணுல ஒண்ணும் கொறையில்லம்மா. நீங்க வேற ஏதாவது மருந்தை அடிச்சிருப்பீங்க."

இதைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. கோபமாக இருந்தால் பரவாயில்லை. வீட்டில் தினமும் கேட்டதை ஆபீசிலும் கேட்க நேர்ந்தவளின் முகம் அது.

"எங்கொழுந்தனும் இதத்தான் மேடம் சொல்றாரு. நீங்க குடுத்த அட்டைய வச்சுக்கிட்டு, மண்ணு தங்கம்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துருச்சு, அப்ப கொறை மதினி கையிலதானேங்கிறாரு. மாமியாரு என்னைய வெதைய தொடக்கூடாதுங்குது. நாளைக்குச் சாயங்காலம் பிளாட் போடுற புரோக்கரு வாராரு. எங்க வீட்டுக்காரரும் போன்ல சரின்னுட்டாரு. பத்திரத்துல கையெழுத்துப் போட அடுத்த வாரம் வாரேன்னாரு."

பயிர் போனால் இன்னொரு பயிர் வைக்கலாம். நான் கொடுத்த நல்ல மார்க்கால் ஒரு பெண் ராசியில்லாதவள் ஆகிவிட்டாள். அந்தக் குடும்பம் முதன்முதலாகக் கண்ட நிலமும் கையைவிட்டுப் போகப் பார்த்தது. அப்போதும் என் அறிக்கை தவறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். என் அறிக்கை சரி என்று நிரூபிக்கத்தான் மறுநாள் அவள் ஊருக்குக் கிளம்பினேன்.

திருமங்கலம் வரை பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. தோட்டத்துக்குள் இரண்டு அடி வைத்தேன், செருப்பு மாட்டிக்கொண்டது. முந்தின நாள் கட்டிய தண்ணீர் இறங்காமல் பாத்தியில் அப்படியே தேங்கி நின்றது. வரப்பு ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு செடியைப் பிடுங்கினேன். பெரிய பலம் தேவைப்படவில்லை. வேர் கறுத்து, அழுகல் நாற்றம்.

"மோட்டாரைப் போடுங்க" என்றேன். தண்ணீரைக் கையில் ஏந்தினால் வழவழவென்று இருந்தது. நாக்கில் வைத்தேன், உவர்.

"இதைக் குடிக்கிறீங்களா?"

"சே, வாயில வைக்க முடியாது மேடம். துணி தொவைக்கத்தான். நொரை நல்லா வரும்."

நுரை நல்லா வருமாம். சோடா உப்பு நிறைந்த தண்ணீர். அதை ஒவ்வொரு முறை பாய்ச்சும்போதும் மண்ணில் இருக்கிற துவாரமெல்லாம் அடைபட்டுக்கொண்டே போகும். மேலே தண்ணீர் நிற்கும், கீழே வேருக்குக் காற்றும் போகாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும். இந்தத் தண்ணீரைத்தான் இன்னும் அதிகமாகக் கட்டச் சொல்லி, சம்பளம் வாங்குகிற நான், யோசனை சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த வரப்பில் நின்றபோது என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆனால் ஒன்று புரியவில்லை. இந்த மண் பரிசோதனையில் எப்படி அம்புட்டு நல்லதாகத் தெரிந்தது? அப்போதுதான், அவள் வந்த முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"பாண்டியம்மா, அந்த மண்ணை எங்க அள்ளுனீங்க?"

அவள் ரொம்பப் பெருமையோடு என்னைத் தோட்டத்தின் வடகிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனாள். சனிமூலை என்பார்கள். உழவோ நடவோ எதுவானாலும் அந்த மூலையில் சாமி கும்பிட்டுத்தான் தொடங்குவார்கள். மஞ்சள் பூசிய ஒரு கல் நட்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு பாய் அளவுக்கு மண் மட்டும் பொலபொலவென்று இருந்தது. வருடக்கணக்காகப் போட்ட சாணி, சாம்பல், உதிர்ந்த பூ, ஊற்றிய இளநீர் எல்லாம் அங்கேதான். பாத்தித் தண்ணீர் அந்த மேட்டுக்கு ஏறவே ஏறாது. வீட்டிலிருந்து குடத்தில் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாளாம். அங்கே நின்ற கறிவேப்பிலைச் செடி கரும்பச்சையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்கனதான் மேடம். ஆபீசுக்குக் குடுக்குற மண்ணு. கண்ட எடத்துலயா அள்ளுறது? குளிச்சிட்டு வந்து அள்ளுனேன்."

பத்து இடத்தில் குழி தோண்டி, மண் எடுத்துக் கலக்க வேண்டும் என்று மண் மாதிரி போட நாங்கள் கொடுக்கிற உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அதை நாங்களே படித்ததில்லை. நான் மிஷன் பள்ளிக் காம்பவுண்டுக்குள் வளர்ந்தவள், சனிமூலை தெரியாது என்று சாக்குச் சொல்லலாம். அதுவும் செல்லாது. அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் ஆலயத்துக்கு யாராவது சொத்தைப் பூசணிக்காயைக் கொண்டுபோயிருக்கிறார்களா? இருப்பதில் நல்லதைத்தான் கொண்டுபோவோம். அவளும் அதைத்தான் செய்தாள். மேலே பூவும் வைத்து எனக்குச் சொல்லியும் இருந்தாள். நான் அந்தப் பூவை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுக் கிண்டல் செய்தேன்.

"ஊருல மண்ணு குடுத்த எல்லாரும் இப்பிடித்தான் அள்ளுனீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா மேடம். எல்லாரும் அவுகவுக சனிமூலையிலதான்."

வரப்பிலேயே உட்கார்ந்து என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, இன்று சாயங்காலம் அந்த வீட்டில் அட்டை தவறு என்று சொல்லப்போகிறேன் என்றேன்.

"ஒரு அட்டைய தப்புனு நீங்க சொன்னா, அந்த ஊர் அட்டை அம்புட்டும் தப்பாயிருமேம்மா" என்றார்.

"அம்புட்டும் தப்புதான் சார்."

"ரிப்போர்ட் மேல போயிருச்சு. மண்வள மேப்பே போட்டுட்டாங்க. அந்த அம்மாவை இன்னொரு தடவை மண்ணு கொண்டு வரச் சொல்லுங்க. புது அட்டை குடுத்துருவோம். பழசைப் பத்திப் பேச்செடுக்காதீங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவசரப்படாமல் யோசித்தால் அவர் சொன்னது நல்ல வழியாகக்கூடத் தெரியும். புது அட்டைக்குப் பத்து நாள் ஆகும். புரோக்கர் வர இரண்டு மணி நேரம்தான் இருந்தது. பத்து நாளில் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது, பாண்டியம்மாளுக்கு ஆகிவிடும். இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்கு எந்தக் கையேடும் உதவாது. யாருக்குப் பொறுக்க நேரமில்லையோ அவர் பக்கம் போய் நில்லுங்கள். "பாக்குறேன் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அவள் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் மாமியார், கொழுந்தன், புரோக்கர் மூன்று பேரும் இருந்தார்கள். கொழுந்தன் நல்ல மரியாதை தெரிந்த பையன். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போய் மண்வள அட்டையை எடுத்துவந்தான். லேமினேஷன் செய்து வைத்திருந்தார்கள். ரேஷன் கார்டுக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் கிடைக்கிற மரியாதை என் பொய்க்கும் கிடைத்திருந்தது.

"நீங்களே எழுதிருக்கீங்க மேடம், மிக நன்றுன்னு. மதினிய நான் தப்பாச் சொல்லல. ஆனா சில பேரு கைக்கு வராதுல்ல" என்றான்.

மாமியார் என்னைப் பார்க்காமல், "இவ கை வச்சது எது வெளங்கியிருக்கு" என்றார். புரோக்கர் பணிவாக, "இம்புட்டு நல்ல மண்ணுல வீடு கட்டுனா அமோகமா இருக்கும்மா" என்றார். பாண்டியம்மாள் கதவோரம் நின்று சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த அட்டை தப்பு" என்றேன். யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "சாமி மண்ணைப் பரிசோதிச்சு தோட்டத்துக்கு மார்க் போட்டுட்டேன். எங்க அள்ளுனீங்கன்னு கேக்காதது என் தப்பு. உங்க போர்த் தண்ணி கெட்டது, அதுதான் செடியைக் கொல்லுது. அதையே இன்னும் நெறையா விடச் சொன்னதும் நாந்தான்."

"வாயால சொல்லுறீங்க மேடம், இதுல அச்சடிச்சுல்ல இருக்கு" என்றான் கொழுந்தன். நியாயம்தான். அட்டையை வாங்கி, பேனாவை எடுத்து அதன்மேல் எழுதப் போனேன். பேனா வழுக்கியது. பளபள பிளாஸ்டிக்கில் ஒரு கோடுகூட விழவில்லை. நான் அழுத்த, அது வழுக்க, மூன்று பேரும் வேடிக்கை பார்க்க, எனக்கு வந்த கோபத்தில் அட்டையைப் பல்லால் கடித்துப் பிய்க்கலாம் போல் இருந்தது. பாண்டியம்மாள் உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்துவந்து தரையில் வைத்தாள். வெங்காயம் நறுக்குவதுபோல் உட்கார்ந்து, அட்டையின் நாலு ஓரத்தையும் அறுத்து, மேல் பிளாஸ்டிக்கை உரித்து என்னிடம் நீட்டினாள்.

எழுதினேன். "இந்த அறிக்கை தவறு. மண் எடுத்த இடத்தை நான் கேட்கவில்லை. பயிர் கெட்டதற்குக் காரணம் உவர்த் தண்ணீர். பயிர் செய்தவர் காரணம் இல்லை." கீழே கையெழுத்து, பதவி, தேதி. கொழுந்தன் சத்தமாகப் படித்தான். கடைசி வரியை மாமியார் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "அப்ப தண்ணிதானா" என்றார், யாரிடம் என்றில்லாமல். புரோக்கர் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி எழுந்துகொண்டார். பாண்டியம்மாள் அங்கேயே நின்று கணவருக்குப் போன் போட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் செழித்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றை ஒட்டிய பாதிச் செடிகளைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. மற்றதில் சோடா உப்பை வெளியேற்ற ஜிப்சம் போட்டு, வடிகால் வெட்டி, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, பண்ணைக்குட்டையில் பிடித்த மழைத் தண்ணீரைக் கலந்து விட்டு, அடுத்த பங்குனியில்தான் மொட்டு பருத்தது. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஊர் முழுக்க மறுபடி மண் எடுத்தோம். பச்சையாக இருந்த மேப் சிவப்பானது. மேலதிகாரி ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பாண்டியம்மாள் பத்து இடத்து மண்ணைப் பத்துப் பையில் கொண்டுவந்து, கலக்கலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கலந்தாள். கூடவே ஒரு பாட்டிலில் தண்ணீர். பூ இல்லை.

நாளைக் காலை உங்கள் மேஜைக்கு யாராவது பையோடு வருவார்கள். எங்கே அள்ளினீர்கள், என்ன தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டுத் தொலையுங்கள். இரண்டு நிமிடம் ஆகும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் அந்த ஊர்ப் பக்கம் போனவள், பாண்டியம்மாள் வீட்டுக்கும் போனேன். சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், அந்த அட்டை ஆணியில் தொங்கியது. என் கிறுக்கல் கையெழுத்தோடு சேர்த்து மறுபடியும் லேமினேஷன் போட்டிருந்தாள். எனக்கு மானம் போனது. "அதான் புது அட்டை குடுத்திருக்கேன்ல. என் தப்பைப் போய் எதுக்குச் சுவத்துல மாட்டி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"புதுசு மண்ணப் பத்தினது மேடம்" என்றாள் பாண்டியம்மாள். "கொறை என் கையில இல்லன்னு எழுதியிருக்கது இதுல மட்டுந்தான்."